என் கால் செய்யாத குற்றம்

சென்ற வாரம் என் கார் சாவி என்னிடமிருந்து பறிக்கப்பட்டது. பறித்தவர் காவலர் அல்லர். நான் பெற்ற மகள்.

ஆயுத பூசைக்கு மறுநாள், மனைவி சாரதாவின் கண் பரிசோதனைக்காகக் குளுவாங் நகருக்குச் சென்றிருந்தோம். சிங்கப்பூரில் பணிபுரியும் மகள் கவிதாவும் விடுப்பில் உடன் வந்திருந்தாள். சந்தைக்கு அருகே சிவப்பு விளக்கில் நின்றபோது இயந்திரம் தானாக உறுமியது. பிரேக்கிலிருந்து காலைச் சற்றே தளர்த்தினேன்... வண்டி துள்ளி முன்னே பாய்ந்தது. மீண்டும் மிதித்து நிறுத்தியபோது, முன்னால் நின்ற மோட்டார் சைக்கிளுக்கும் எங்களுக்கும் இடையே ஒரு சாண் இருந்திருக்கும்.

"அப்பா, அக்சிலேட்டர அமுக்கிட்டீங்க."

"இல்லம்மா. கால் பிரேக்லதான் இருந்துச்சு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட அப்பா இப்படித்தான் காடிய நேரா கடைக்குள்ள விட்டுட்டாரு."

திரும்பும்போது முன்னிருக்கையில் அமர்ந்து, எங்கள் ஊரான பண்டார் தெங்காரா வரும்வரை சாலையைப் பாராமல் என் வலக்காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். வாசலில் வண்டி நின்றதும் சாவி அவளுடைய கைப்பைக்குள் போயிற்று. இனி நான் ஓட்டக் கூடாதாம்.

சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் ஊரில், கார் இல்லாத முதியவர் எங்கே போக முடியும்? மருத்துவமனை, சந்தை, கோயில் — ஒவ்வொன்றுக்கும் அண்டை வீட்டார் முன் போய் நிற்க வேண்டும். அவள் எடுத்தது ஒரு சாவியை அல்ல; எங்கள் இருவரின் நடமாட்டத்தையே.

மறுநாள் காலை பட்டறைக்காரர் சேகரை வரவழைத்தாள். அவர் வண்டியைப் பார்க்குமுன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"சாருக்கு என்ன வயசு?"

எழுபத்து நான்கு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகி, இரண்டு நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டார்.

"கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் காட்டலீங்க சார். காலையில ஸ்டார்ட் பண்ணா எல்லா வண்டியும் கொஞ்சம் வேகமாத்தான் சுத்தும். சூடானா அடங்கிரும்."

"ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம் வருதே?"

"ஏர்கான் சத்தமா இருக்கும். நீங்க ரெஸ்ட் எடுங்க சார். பிள்ளைங்க சொல்றத கேளுங்க."

சூடாகும்வரை அவர் காத்திருக்கவில்லை. பானட்டைத் திறக்கவே இல்லை. சீறல் எங்கிருந்து வருகிறது என்று காது கொடுத்தும் கேட்கவில்லை. ஆனால் தீர்ப்பு மட்டும் வந்துவிட்டது. இதே வண்டியை முப்பது வயதுக்காரர் ஓட்டியிருந்தால், முதலில் திறந்திருப்பது பானட்டா, பிறப்புச் சான்றிதழா? வயதைத் தெரிந்துகொண்டால் காரணமும் தெரிந்துவிட்டதாக எண்ணுவது எத்தனை வசதியான சோம்பல்!

சேகர் போனதும் சாரதா வாசலுக்கு வந்தாள். முப்பது ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்தவள். நோயாளியைத் தொட்டுப் பாராமல் சீட்டெழுதும் மருத்துவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

"கவி, சாவிய எடு. ஸ்டார்ட் பண்ணிட்டு எறங்கிரு. யாரும் உள்ள இருக்க வேணாம்."

பத்து நிமிடம் கடந்தது. இயந்திரம் நன்றாகச் சூடேறிவிட்டது. உறுமல் அடங்கவில்லை.

"இப்ப யாரு கால் உள்ள இருக்கு?" என்று கேட்டேன். மகள் குனிந்து, யார் காலும் இல்லாத பெடல்களைப் பார்த்தாள்.

சாரதா பானட்டைத் திறக்கச் சொன்னாள். பூச்செடிக்கு நீர் பாய்ச்சும் குழாயில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இயந்திரத்தின் மேல் மெல்ல நகர்த்தினாள்.

"ஆக்ஸிஜன் டியூப் கழண்டா வர்ற சத்தம் மாதிரியே இருக்குங்க. எங்கயோ காத்து போகுது."

ஓரிடத்தில் கை நின்றது. விரல் தடிமனுள்ள ரப்பர் குழாயொன்று தன் இணைப்பிலிருந்து கழன்று தொங்கியது. திறந்திருந்த துளையைக் கட்டைவிரலால் மூடினாள். சீறல் நின்றது. உறுமல் இறங்கி, இயந்திரம் சாதுவாக ஓடத் தொடங்கியது. அந்தத் துளைவழியே வேண்டாத காற்று உள்ளே புகுந்து இயந்திரத்தை விரட்டியிருக்கிறது. காரணம் அவ்வளவுதான்.

வெற்றிப் பெருமிதத்தோடு மகளை நோக்கித் திரும்பினேன். அதற்குள் சாரதா அந்தக் குழாயைத் தூக்கிக் காட்டினாள். அதில் இறுகக் கட்டப்பட்டு, வாடிக் கருகிய செவ்வந்திச் சரம்.

"ஏங்க, இந்தப் பூவ யாரு கட்டுனது?"

ஊரார் எல்லாரும் ஆயுத பூசையன்று காரின் முகப்பில் மாலை போடுகிறார்கள். உழைப்பது முகப்பா, உள்ளிருக்கும் இயந்திரமா என்று சிந்தித்த நான், பானட்டைத் திறந்து, சந்தனப் பொட்டிட்டு, சரத்தை உள்ளேயே கட்டினேன். விழுந்துவிடாமலிருக்க இழுத்து இறுக்கி முடிச்சிட்டேன். இழுத்த இழுப்பில் குழாய் நழுவியிருக்கிறது.

"வேட்டி அவுந்துரும்னு பயந்த மாதிரி இறுக்கியிருக்கீங்க," என்றாள் சாரதா.

கவிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியை நீட்டினாள். "கால் ஓக்கேப்பா. அடுத்த வருசம் பூவ மட்டும் நான் கட்டுறேன்."

ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் சினம் தணியவில்லை. மனைவி அந்த ஒரு முழக் குழாயை எடுக்காதிருந்தால், எழுபத்து நான்கு என்ற எண்ணே என் மீதான முழு வழக்காக முடிந்திருக்கும்.

என் கை செய்த தவற்றுக்கு வீட்டாரிடம் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். என் காலிடம்தான் இன்னும் யாரும் கேட்கவில்லை.