லா சப்பல், ஆறாம் மாடி அறை

குஞ்சு, உன் அறைக்குப் போன வழியை இன்றைக்கு எழுதுகிறேன். பிள்ளையை வேறு இடத்தில் விட்டுப் படிப்பிக்கிற அம்மாமார் யாராவது வாசிப்பார்கள்.

எண்பதுகளின் கடைசி, பங்குனி மாதம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்த என் மகள், என் குஞ்சு, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் அவளுடைய சாமான்களை எடுக்கப் போனேன்.

நான் இருந்த சார்செல்லில் காலை 9.10 ரயில். சீட்டு ஒன்பது பிராங். கால் மணித்தியாலத்தில் நகரத்துப் பெரிய ஸ்டேஷன், கார் து நோர். அங்கிருந்து மகள் இருந்த லா சப்பலுக்கு நடை, பத்து நிமிடம். இவ்வளவு கிட்ட. இரண்டு வருடத்தில் நான் இரண்டு தரம்தான் வந்திருந்தேன். ஞாயிறு தவறாமல் போன் எடுக்கிறேனே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. வழியில் ஒரு தமிழ்க் கடையில் நின்றேன்.

"அண்ணை, இடியப்பம் இருக்கோ?"

"முடிஞ்சுது தங்கச்சி. புட்டு கிடக்கு. சுடச்சுட எண்டு பொய் சொல்லமாட்டன்."

லிஃப்ட் இல்லாத ஆறாம் மாடி. முழங்கால் நோ உள்ளவர்கள் நடுவில் படியில் இருந்து ஆறிப் போங்கள். கதவைத் திறந்தவள் நொய். தாய்லாந்துப் பிள்ளை, மகளோடு ஒரே அறையில் இருந்து ஒரே வகுப்பில் படித்தவள். மகளிடம் பழகிய தமிழையும் பிரெஞ்சையும் கலந்து பேசுவாள்.

"அம்மா, வாங்கோ, இருங்கோ."

மகளின் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். அவளுடைய கண்கள் உள்ளே போயிருந்தன.

"சாப்பிட்டியோ பிள்ளை?" பழக்கத்தில் வாய் கேட்டது.

"ஓம் அம்மா" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "என்ரை அம்மாவும் பாங்கொக்கிலை இருந்து இதைத்தான் கேப்பா. நானும் ஓம் எண்டுவன். உங்கடை மகளும் அப்பிடித்தான். போனை வைச்சிட்டு ரெண்டு பேரும் சிரிப்பம். அண்டைக்கு ஒண்டும் சாப்பிட்டிருக்க மாட்டம்."

புட்டுப் பொட்டலம் என் மடியில் இருந்தது. அவிழ்த்து அவளுக்கு முன்னால் வைத்தேன்.

"நித்திரை வருதோ உனக்கு?"

அவள் அழுதாள். "ஒரு மாசமா இல்லை. வகுப்புக்கும் போகேல்லை. எழும்பி என்ன செய்யிற எண்டு கிடக்கு, அம்மா."

பெட்டியை அங்கேயே விட்டேன். அவள் கையைப் பிடித்து மாணவர்களைப் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப் போனேன். மெட்ரோவில் இருபது நிமிடம், காத்திருந்தது இரண்டு மணித்தியாலம். அவள் உள்ளே பேசினாள். நான் கதவுக்கு வெளியே இருந்தேன். இன்றைக்கு அவளுக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் சொல்லாமல் போங்கள். சாப்பாடு கொண்டு போங்கள், ஆனால் சாப்பாட்டைக் கேட்டதோடு எழும்பி வராதீர்கள். நித்திரையைக் கேளுங்கள், மனதைக் கேளுங்கள். பதில் வரும்வரை இருங்கள். கடைசி ரயில் போனால் போகட்டும்.

குஞ்சு, உன்னிடமும் நான் நித்திரை வருதோ என்று கேட்டிருந்தால், அதற்கும் "ஓம் அம்மா" என்று போனை வைத்திருப்பாயா?