கறுப்புக் காரில் முட்டையிட்ட தட்டான்

முருகையன் ராஜா அண்ணாமலைபுரத்தில் பதினாறு வீட்டு அடுக்ககம் ஒன்றில் கார் துடைப்பவர். அடையாற்றங்கரையில் பிறந்தவர். குடிசையை இடித்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்ட பிறகு, இரண்டு பஸ் மாறி வந்துதான் வாளியைத் தொடுகிறார். ஐம்பத்தெட்டு வயதில் இந்த வாசலை விட்டால் வேறு வாசல் இல்லை. கை சுத்தம், வாய்தான் நீளம். வெள்ளத்தின்போது மிதந்து வந்த பீரோ மேல் உட்கார்ந்து சைதாப்பேட்டையிலிருந்து பட்டினப்பாக்கம் வரை போனாராம். வழியில் ஒரு பசுமாடு ஏறிக்கொண்டு, இறங்கும்போது நன்றி சொன்னதாம். கேட்பவர்கள் சிரிப்பார்கள். இவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஐப்பசியில் வந்தது வினை. இரண்டாம் மாடி அசோகனின் புதுக் கறுப்புக் கார் மேல் பொடிப்பொடியாகப் புள்ளிகள். பாலிஷ் போட்டும் போகவில்லை.

"சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சியாய்யா?"

"வெறும் தண்ணி சார். தட்டான் முட்டை வுடுது. வெயில்ல அது வெந்து பெயிண்டைத் துன்னுடுது."

வாட்ச்மேன் லாரன்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். "மாடு முடிஞ்சு இப்ப தட்டானா? நடத்து நைனா."

அசோகன் சிரிக்கவில்லை. "ஒண்ணாந்தேதி வேற ஆளு வருவான். மத்த வீட்டுலயும் சொல்லிடறேன்."

"ஒரு தபா பதினோரு மணிக்கு எறங்கி வந்து பாரு சார். அப்பால நீ சொல்றதுதான்."

ஞாயிறன்று அசோகன் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். மழை விட்ட வெயிலில் காரின் கூரை குளத்து நீராய்ப் பளபளத்தது. முருகையன் எவ்வளவுக்குத் துடைத்தாரோ அவ்வளவுக்கு அது, நீரில் முட்டையிடும் தட்டானுக்குத் தண்ணீராகத் தெரிந்தது.

முதலில் ஒரு ஊசித்தட்டான் சோம்பலாகத் தத்தி வந்து, செடித்தொட்டியில் உட்கார்ந்து சிறகை முதுகின் மேல் மடித்துக்கொண்டது.

"அதானா?"

"இது இல்ல சார். இது ரெக்கைய மடிச்சிக்கும். அது விரிச்சே வெச்சிருக்கும்."

கால்மணி நேரம் போயிற்று. அசோகன் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது இரண்டு சிவப்புத் தட்டான்கள் வந்தன. ஆண் அந்தரத்தில் ஆணி அடித்தாற்போல் நின்று காவல் காத்தது.

"நாலு ரெக்கையும் தனித்தனி சார். முன்னது ஏற சொல்ல பின்னது எறங்கும். அதான் நின்னாப்ல நிக்குது, பின்னாடியும் போவுது. ஆத்தங்கரையாண்ட தெனம் பாத்துக்கினு இருந்தேன்."

பெண் தாழ்ந்து வந்து, கூரையில் வாலைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. அசோகன் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். கடுகிலும் சிறிய முட்டைகள்.

"தப்பா பேசிட்டேன் முருகையா. மனசுல வெச்சுக்காத."

அன்று முருகையன் இரண்டு டீ குடித்தார். லாரன்ஸே வாங்கிக் கொடுத்தார்.

விஷயம் பதினாறு வீட்டுக்கும் பரவியது. அடுத்த ஞாயிறு பதினாறு கார் உறைகள் மொத்தமாக வந்து இறங்கின. மூடிவைத்தால் தட்டானும் வராது, தூசும் படியாது. மாதம் ஒருமுறை கடையில் கழுவினால் போதும் என்று கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

"உன் மேல ஒரு தப்பும் இல்ல," என்றார் அசோகன், நிஜமான வருத்தத்தோடு. "நீ சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. இந்த உறையை மட்டும் மாட்டிக் குடுத்துடு. உன் கைதான் பதமா மாட்டும்."

முருகையன் மாட்டினார். கீழே மண்டியிட்டு, எலாஸ்டிக்கை இழுத்து, பம்பருக்கடியில் சொருகி, ஒவ்வொன்றாக. எட்டாவது காரில் லாரன்ஸ் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.