மூன்றரை மணி நேரத் தூரம்

என் தம்பி பாலம் கட்டும் வேலையில் இருந்த அருணாசலப் பிரதேசத்து மலையூருக்கும் எங்கள் உசிலம்பட்டிக்கும் இடையே விமானத்தில் மூன்றரை மணி நேரம் என்று கைப்பேசி சொன்னது. அதைத் தேடி எடுத்தவர் என் கணவர். உறவினர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியவர் மாமனார். இரண்டு ஊரிலும் விமான நிலையம் கிடையாது என்பதைத் திரை சொல்லவில்லை. வரைபடத்தில் இரு புள்ளிகளுக்கு நடுவே இழுத்த கோட்டை நம்பி, என் மகளின் காதுகுத்துக்கு நாள் குறித்தார்கள்.

"மாப்ள காலைல கிளம்புனா மத்தியானச் சோத்துக்கு இங்க இருப்பாப்ல" என்றார் கணவர்.

மலையிலிருந்து இறங்கவே தம்பிக்கு ஒரு பகல் வேண்டும். பிறகு கவுகாத்தி, சென்னை, மதுரை. முன்கூட்டியேதான் புறப்பட்டான். வழியில் மண் சரிந்து பாதை அடைபட்டது.

எங்களில் குழந்தை தாய்மாமன் மடியில் அமர்ந்துதான் காது குத்திக்கொள்ளும். பெற்றோர் இருவரும் போனபின், பிறந்த வீடு என்று எனக்கு மிஞ்சியிருந்தது அவன் ஒருவனே. அந்த மடி அன்று வேறொருவருடையதாகிவிட்டால், மறுபடி அவனை உட்காரவைக்க எனக்கு இன்னொரு பிள்ளை இல்லை.

காதுகுத்தன்று குலசாமி கோயில் வாசலில் கைப்பேசியை வைத்துக்கொண்டு நடந்தேன், நின்றேன், மறுபடி நடந்தேன். ஒருவழியாக அழைத்தான்.

"சென்னைக்கு வந்துட்டேன்க்கா. மதுரை ஃப்ளைட்டு லேட்டு. ஆரம்பிச்சிராதீங்க."

பந்திக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர் கணவரிடம், "என்னப்பா, ஒன் மச்சினன் ப்ளேனு நம்ம செக்கானூரணி ரோட்டுல பஞ்சராயிருச்சா?" என்றார். கூட்டம் சிரித்தது. கணவர் சிரிக்கவில்லை.

மாமனார் என்னருகே வந்தார். "நல்ல நேரம் முடியப் போகுதுத்தா. ஒன் சித்தப்பா மகன் இருக்கான்ல, அவனும் மாமந்தான?"

மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றும் தெரியவில்லை. "ஒரு காத மட்டும் குத்துவோம் மாமா. இன்னொன்னு என் தம்பி வரவும் குத்தட்டும்."

அவர் ஊசியோடு உட்கார்ந்திருந்த ஆசாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நேரத்துக்கு ஒரு காது, மாமனுக்கு ஒரு காதா? சரி, குத்துங்கப்பா."

சித்தப்பா மகன் மடியில் வலது காது முடிந்தது. பந்தி தொடங்கியது. ஒரு காதில் தோடும் மறு காதில் மஞ்சள் பொட்டுமாக என் மகள் ஒவ்வொருவர் இடுப்பாக மாறிக்கொண்டிருந்தாள். கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் சாலைக்குப் போய்த் திரும்பினேன்.

கடைசிப் பந்தியின்போது தம்பி வந்து இறங்கினான். அந்த வெயிலில் கம்பளிச் சட்டை, சவரம் செய்யாத முகம். ஆசாரியை மறுபடி கண்டதுமே குழந்தை அலறினாள். இதுவரை நேரில் பார்த்திராத மாமனின் மடியில் உதைத்துத் துள்ளி, அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் பிடியைத் தளர்த்தவில்லை; இடது காதும் முடிந்தது.

"இம்புட்டுத் தூரம் வந்து கடி வாங்குறேன் பாருக்கா."

அழுது ஓய்ந்தவள் அந்த மடியிலேயே தூங்கிப்போனாள். அவளை அசைக்காமல் இலைமுன் உட்கார்ந்தவன், சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் கைப்பேசியில் திரும்பும் வழியைத் தேடினான்.

"எப்படா கிளம்பணும்?"

"காலைலக்கா."

எவ்வளவு நேரமாகும் என்று யாரும் கேட்கவில்லை. "போதும்க்கா, போதும்" என்று அவன் சொல்லச் சொல்ல, நான் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தேன்.