நெருப்புக்கு மட்டும் எழுதிய காப்புறுதி

இரத்தினபுரி பஜாரில் எங்களுக்கு ஒரு புடவைக்கடை இருந்தது. தோட்டங்களில் சம்பளம் போட்ட மறுநாள் கஹவத்தை பஸ் வந்து நின்றால் கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கடை வெள்ளத்தால் போனது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். வெள்ளம் எல்லோர் கடைக்குள்ளும்தான் வந்தது. எங்கள் கடை போனது என்னால்.

போர்நிறுத்தம் வந்து ஊர் கொஞ்சம் மூச்சுவிட்ட காலத்தில் காப்புறுதிக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். சிங்களவர், பொறுமையான மனிதர். என் கணவருக்குச் சிங்களம் பேசுவது தண்ணீர் பட்ட பாடு. எழுத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. சிங்களப் பாடசாலையில் படித்தவள் நான். அதனால் படிவத்தை நிரப்பும் வேலை என்னிடம் வந்தது. எழுத்து வேலை என்றாலே எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

நெருப்பு என்ற கட்டத்தில் ஆம் என்று எழுதினேன். கலவரம் என்ற கட்டத்தில் இன்னும் அழுத்தி எழுதினேன். எண்பத்து மூன்றில், அதே இடத்தில் இருந்த மாமனாரின் கடையை எரித்தபோது நான் கல்யாணமாகி வந்த புதிது. பக்கத்துச் சிங்களக் குடும்பத்தின் சமையலறையில் ஒளிந்திருந்து அந்தப் புகையைப் பார்த்தேன். அதே இடத்தில் மறுபடி கடை எழுப்பிய பிறகும், ஒவ்வொரு நாளும் பூட்டும்போது நான் பயந்தது நெருப்புக்குத்தான். பஜாரில் எங்கள் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான்.

அடுத்த கட்டம் வெள்ளம். அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றார் காப்புறுதிக்காரர்.

"அதையும் போட்டுடு. ஆத்தோரத்துல இருக்கோம்," என்றார் கணவர்.

"என்னங்க நீங்க, தண்ணிக்கு யாராவது இன்சூரன்ஸ் கட்டுவாங்களா? வருஷா வருஷம் வருது, மச்சுல தூக்கி வச்சிடுறோம். எரிச்சா எதைத் தூக்குவீங்க?"

கணவர் சிரித்துவிட்டு என்னைக் காட்டி, "இந்தக் கடைக்கு முதலாளி எங்க நோனாதான்," என்று சிங்களத்தில் அவரிடம் சொன்னார். பெரிய கெட்டிக்காரி மாதிரி, வெள்ளம் என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தேன்.

அடுத்து வந்த வெசாக் பண்டிகைச் சமயத்தில் மழை விடாமல் அடித்தது. தெருவில் கட்டியிருந்த காகித விளக்குக் கூடுகளெல்லாம் நனைந்து கிழிந்து தொங்கின. களு கங்கை ஏறுகிறது என்றதும் வழக்கம்போல் சாமானையெல்லாம் கடைக்குள் உயரத்தில் பலகை போட்டிருந்த மச்சில் அடுக்கினோம். சேலைகள், சாரங்கள், பள்ளிக்கூட வெள்ளைத் துணி எதையும் கீழே விடவில்லை. அந்த மச்சு வரைக்கும் தண்ணீர் வந்து யாரும் பார்த்ததில்லை. பூட்டிவிட்டு மேட்டிலிருந்த கோயில் மண்டபத்துக்குப் போனோம். அங்கேயும் நான் மற்றப் பெண்களிடம், எங்கள் சாமான் பத்திரம் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தோம். கூரை ஓட்டில் சேறு படிந்திருந்தது. மச்சு முறிந்து, துணிக்கட்டுகள் சேற்றுக்குள் புதைந்து கிடந்தன. சிவப்புச் சேலைகளின் சாயம் பள்ளிக்கூட வெள்ளையில் இறங்கியிருந்தது. ஒரு முழம்கூடத் தேறவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. நான் இழுத்த கோடுதான் கண்முன் நின்றது.

சேதம் பார்க்க வந்த அதிகாரி காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். படிவத்தை இரண்டு தரம் வாசித்தார். இதே சேதம் தீயினால் வந்திருந்தால் முழுவதும் கிடைத்திருக்கும் என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். பிறகு, வெள்ளத்தை வெட்டியது யார் என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "நான்தான் மாத்தயா. நான் சொன்னதைத்தான் எங்க நோனா எழுதினா."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு நான் நடமாடினேன். இருவருமாகச் சேற்றை வாரி வெளியே கொட்டினோம். மறுபடி சாமான் போட வழியில்லாமல், வாடகைக்கு எடுத்திருந்த இடத்தின் சொந்தக்காரரிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். ஐம்பதை நெருங்கும் வயதில் கணவருக்குக் கொழும்பில் யாரோ ஒருவர் கடையில் துணி அளந்து கிழிக்கும் வேலை கிடைத்தது. அத்தனை நாளும் அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மன்னித்துவிட்டார் என்றே நம்பினேன்.

அவர் கொழும்புக்குப் புறப்பட்ட காலையில், சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"அன்னைக்கு ஏங்க பழியை உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

அவர் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வெளி ஆளு முன்னாடி வேற என்னத்த சொல்றது?" என்றார்.

பிறகு பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.