மூன்றாவது போர்டு

விருந்தாளிகள் முன்னால் என் மகள் வாயைத் திறந்தால் எனக்குப் பயம்தான். என்ன சொல்லிவிடுவாளோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். வாயை மூடு என்று அதட்டவும் மனம் வராது. அதட்டாமல் விட்டது சரிதானா என்று பிறகு குடைந்துகொண்டே இருக்கும். இந்தக் குழப்பம் என்னை நெய்வேலியில், நான் நாலாவது படித்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

அப்போது சித்தி, அம்மாவின் தங்கை, எங்கள் குவார்ட்டர்ஸில் எங்களோடுதான் இருந்தாள். பி.எட். முடித்துவிட்டுக் கடலூரில் ஒரு சின்ன அறக்கட்டளையில் வேலை. பள்ளிக்கூடங்களுக்குப் போய், இனப்படுகொலை என்றால் என்ன, அது எப்படி ஆரம்பிக்கிறது, எந்த இடத்தில் தடுக்கலாம் என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். இதைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் எங்கள் வீட்டின் பெரிய கவலை. அப்பா முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். கேட்டவர்கள் ஜாதகத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். அடுத்து வந்தவர்களிடம் "டீச்சர் மாதிரிங்க" என்றார். எந்த ஸ்கூல் என்று கேட்டார்கள். எல்லா ஸ்கூலும் என்றார். அதுவும் எடுபடவில்லை. சித்திக்கு வயது ஏறிக்கொண்டே போனது.

நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த வரன் எல்லாருக்கும் பிடித்திருந்தது. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை ஆலையில் பெர்மனென்ட் வேலை. சித்தியே அந்தப் போட்டோவை அம்மாவிடம் கேட்டு வாங்கி இன்னொரு தடவை பார்த்தாள். அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று அம்மா அப்பாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னதை நானும் கேட்டேன்.

அவர்கள் வந்த நாளுக்கு மறுநாள் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் இருந்த பள்ளியில் சித்தியின் நிகழ்ச்சி. அதற்கான போர்டுகள் முன் அறையில் சுவரோரம் அடுக்கியிருந்தன. வேறு இடமில்லாததால் அம்மா அவற்றின்மேல் பூப்போட்ட பெட்ஷீட் ஒன்றைப் போர்த்தி மறைத்துவிட்டாள்.

எனக்கு அந்தப் போர்டுகள் மனப்பாடம். சித்தி பேசிப் பழகும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து கேட்கிற மாணவி நான்தான். முதல் போர்டில் ஒரு தெரு, எல்லாரும் கலந்து இருக்கிறார்கள். இரண்டாவதில் நாம் வேறு, அவர்கள் வேறு என்று பிரிகிறது. மூன்றாவதில் ஒரு ரேடியோப் பெட்டி. அவர்கள் மனுஷரே இல்லை, பூச்சிகள் என்று அது சொல்ல, சுற்றி உட்கார்ந்து கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அதற்கு அப்புறம் உள்ளவற்றை எனக்குக் காட்ட மாட்டாள். அங்கேயே நிறுத்தி, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என்ன செய்திருக்கலாம் என்பாள். இது தப்பு என்று யாராவது சொல்லியிருக்கலாம் என்பேன். கன்னத்தில் தட்டிக்கொடுப்பாள்.

மாப்பிள்ளையின் அம்மாவை, பாட்டி முறைக்கு, ஆயா என்று கூப்பிடும்படி எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கூப்பிட்டதும் அவர் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளி எனக்கு வைத்தார். சித்தி கொண்டுவந்த பஜ்ஜியைத் தின்று பார்த்து, கைப்பக்குவம் நல்லா இருக்குது என்றார். மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை. ஆனால் சித்தி காபி கொடுத்தபோது டம்ளர் சுடுகிறதா என்று அவளிடம் கேட்டார். அம்மா முகம் மலர்ந்துவிட்டது.

பிறகு பேச்சு பஸ்ஸில் வந்த வழிக்குத் திரும்பியது. அனல் மின் நிலைய வேலைக்கு வடக்கேயிருந்து வந்திருந்த காண்ட்ராக்ட் ஆட்கள் ரோட்டோரத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள்.

"இன்னாங்க இது, கரப்பான்பூச்சி மாதிரி எங்க பார்த்தாலும் அவனுங்களே ஊர்ந்துக்கினு இருக்கானுங்க. மருந்து அடிச்சாத்தான் போவானுங்க போல" என்றார் ஆயா.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்கோ விடை தெரிந்த கேள்வியை வகுப்பில் டீச்சர் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"ஆயா, அது மூணாவது போர்டு" என்றேன்.

என்ன போர்டு என்று கேட்டார். ஸ்கூல் பாடம், ஏதோ உளறுகிறாள் என்று சொல்லிக்கொண்டே அம்மா எழுவதற்குள் நான் ஓடிப்போய் பெட்ஷீட்டை இழுத்து, மூன்றாவதை முன்னால் எடுத்து வைத்துவிட்டேன். ஆயா அதில் எழுதியிருந்தது முழுவதையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். மாப்பிள்ளையும் குனிந்து படித்தார்.

"நான் சும்மா தமாசுக்குச் சொன்னேம்மா" என்றார் ஆயா, சித்தியிடம்.

அம்மா சித்தியைப் பார்த்தாள். குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். சித்தி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"தெரியும்ங்க. ஆனா பாப்பா சொன்னது சரிதாங்க" என்றாள்.

அவர்கள் போனதும் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அன்று அடிதான் பெரிதாகத் தெரிந்தது. வரன் கைவிட்டுப் போகும் பயத்தில் விழுந்த அடி அது என்று இப்போது, நானே ஒரு பெண்ணைப் பெற்று வைத்திருக்கும்போதுதான் தெரிகிறது.

ஆனால் வரன் போய்விடவில்லை. ஒரு வாரம் கழித்துத் தரகர் வந்தார். பெண்ணைப் பிடித்துவிட்டதாம், தைரியமான பெண் என்று மாப்பிள்ளையே சொன்னாராம். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் போர்டு வேலையை மட்டும் விட்டுவிட வேண்டுமாம். அம்மா அப்போதே சாமி விளக்கை ஏற்றிவிட்டாள்.

சித்தி யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். யோசித்த நாளெல்லாம் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் ஒரு காலையில், எனக்குத் தலை வாரிக்கொண்டே, அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னாள்.

அம்மா அழுதுகொண்டே கேட்டாள். "அந்தம்மா ஏதோ வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க. அதுக்கு இவ்வளவு கோபமாடி உனக்கு?"

"கோபம் இல்லக்கா. அவங்க நல்லவங்க. அதான் எனக்குப் பயமா இருக்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். ஆட்டாதே என்று சித்தி என் தலையை நேராக்கினாள். அதுவரை அந்தப் போர்டுகளில் நான் கெட்டவர்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். எனக்குக் காட்டாத போர்டுகளில், பெரிய மீசையும் கத்தியுமாக நிற்பார்கள் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது போர்டில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தவர்களை நான் கணக்கில் எடுத்ததே இல்லை. நல்லவர்களைக் கண்டு எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் ரிப்பனை இறுக்கி முடிச்சுப் போட்டு, கடலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.