கோரைச் சுட வைத்தவன்

மாம்பழம் கெட்டால் நாறும், வெங்காயம் கெட்டால் ஒழுகும். டிரான்ஸ்ஃபார்மருக்குள் கம்பி சுற்றும் காந்தக் கட்டையான ஃபெரைட் கோர் நல்லதா கெட்டதா என்பது தொட்டாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது. கம்பிக் காயில் சுற்றிக் காலம் தள்ளும் என் போன்றவர்களே, கை சுட்ட கதையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இலை ஜோசியம்

கறம்பக்குடியில் இன்வெர்ட்டர் கட்டும் என் கடை ஒரு கதவு அகலம். உள்ளே மனைவியின் தையல் மேசை. அவள் போய்ச் சேர்ந்த பிறகு அதில், மின்சாரத்தின் போக்கைத் திரையில் வரைந்து காட்டும் பழைய ஆசிலாஸ்கோப் உட்கார்ந்திருக்கிறது. பழைய போர்டுகளில் கழற்றிய கோர்களை மூட்டையாக வாங்குவேன். கருஞ்சாம்பல் நிறம், கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும். எது எந்த ரகம் என்று எதிலும் எழுதியிருக்காது. அதனால் ஒவ்வொன்றிலும் காயில் மாட்டி ஸ்கோப்பில் பார்ப்பேன்.

கோருக்குள் காந்தத்தை ஏற்றி இறக்கினால், போன வழியே திரும்பாது. மனமில்லாமல் வேறு வழியாக வரும். புத்தகத்தில் காந்தத் தயக்கம் என்று போட்டிருக்கிறார்கள். போன வழிக்கும் வந்த வழிக்கும் நடுவே உள்ள அகலம்தான் வீணாகிச் சூடாகும் சக்தி. திரையில் அது ஓர் இலை மாதிரி தெரியும். ஒல்லியாக இருந்தால் தைலமர இலை, முதல் தரம். கொஞ்சம் அகலமானால் வேப்பிலை, பரவாயில்லை. பூவரச இலையாகப் பருத்தால் ஆகாதென்று பெயின்ட் டப்பாவுக்குள் போட்டுவிடுவேன். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. நானாக வைத்துக்கொண்ட கணக்கு. பக்கத்தில் கடலை வறுக்கும் செல்லையா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எல்லாஞ் சரிண்ணே, இதுல எந்த எலையில சோறு போடுவாக?"

இரண்டாவது தடவை

கதீஜா காடைக்குஞ்சு பொரிக்கிறவர். கணவர் வெளிநாட்டில்; பொரிப்புப் பெட்டி அவர் சொந்தமாகத் தொடங்கிய தொழில். கரண்டு போனால் முட்டை குளிர்ந்துவிடாமல் இருக்க நான்தான் இன்வெர்ட்டர் செய்து கொடுத்தேன். உள்ளே இரண்டு கோர், இரண்டும் சுத்தமான தைலமர இலை. ஒரு மணி நேரத்தில் கருகியது. ஓர் ஈடு முட்டை முழுவதும் வீண்.

அதைவிட ஒல்லியான இலை பார்த்து மாற்றிக் கொடுத்தேன். அதுவும் கருகியது. நல்லவேளை, கரண்டு உடனே திரும்பியதால் முட்டை தப்பியது. இந்த முறை பெட்டிக்குள் எண்ணூறு முட்டை, வியாழக்கிழமையோடு பதினைந்தாம் நாள்; பதினெட்டில் பொரிக்க வேண்டும். சனிக்கிழமை பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்தடை என்று அறிவித்துவிட்டார்கள். இந்த ஈடும் போனால் பெட்டியை விற்றுவிட்டுச் சும்மா இருந்துகொள்வதாகச் சொன்னார். கோபமெல்லாம் இல்லை. இன்வெர்ட்டரை மேசையில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"முட்டைக்குச் சூடு குடுக்கச் சொன்னா, நீங்க மிசினுக்குச் சூடு குடுத்து அனுப்புறீங்களேண்ணே."

படுத்தது எழுந்தது

வெள்ளிக்கிழமை காலை. மனசு சரியில்லாமல், ஒரு கோரை ஸ்கோப்பில் ஓடவிட்டபடியே டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், போகும்போது தைலமரமாக இருந்த இலை பூவரசமாக ஊதியிருந்தது. கோரைத் தொட்டேன், சுட்டது. அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருசமாக எல்லாக் கோரையும் குளிர்ந்தபடியே, அரை நிமிடத்தில் பார்த்து மார்க் போட்டிருக்கிறேன். அது வேலை செய்வதோ சூட்டில்.

அப்படியானால் குளிரில் பருத்தது சூட்டில் இளைக்குமோ? பெயின்ட் டப்பாவைக் கொட்டி ஒரு ஜோடியை எடுத்து, செல்லையாவின் வாணலியில் கொதிக்கும் மணலுக்குள் புதைத்தேன். எடுத்து, துணி சுற்றி மாட்டினேன். இலையே இல்லை. திரையில் கோடு ஒன்று படுத்துக் கிடந்தது. அளவுக்கு மீறிச் சுட்டால் கோர் காந்த குணத்தையே மறந்துவிடும் என்று படித்திருக்கிறேன், பார்த்தது அன்றுதான். கைவிட்டுவிடலாம் என்று நினைத்த நேரத்தில் சூடு இறங்க இறங்கக் கோடு நிமிர்ந்தது, இலையானது, இளைத்துக்கொண்டே வந்தது. தொட்டால் கை பொறுக்காத ஒரு சூட்டில், நான் அதுவரை பார்த்திராத ஒல்லியான தைலமர இலை. நான் நாற்காலியில் இல்லை, நின்றுகொண்டு கைதட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்த செல்லையா சொன்னார்:

"எங்க மாமனாரும் இப்படித்தாண்ணே, சாவுப் பந்தல் போட ஆள் வந்தப்பறம் எந்திரிச்சுக் கஞ்சி கேட்டாரு."

பஸ்ஸுக்குள்

இன்வெர்ட்டருக்கு இரண்டு கோர், இன்னும் ஒரு ஜோடி வேண்டும். ஜோடி என்றால் ஒரு கோரின் இரண்டு பாதிகள். ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இரண்டையும் மணலில் புதைத்துவிட்டு முதல் கோருக்குக் கம்பி சுற்றினேன். போய்ப் பார்த்தால் ஒரு பாதிதான் இருக்கிறது. செல்லையா தலையில் கை வைத்தார். தோல் கடலையை அள்ளும்போது சேர்த்து அள்ளிப் பொட்டலம் கட்டிவிட்டாராம். வாங்கியவர் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பஸ் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் படியில் ஏறி, கடலை வாங்கினவங்க யாருங்க, பொட்டலத்தப் பிரிங்க, கறுப்பா ஒன்னு கெடக்கும், கடிச்சுறாதீங்க என்று கத்தினேன். ஆறு பேர் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஜன்னலோரம் ஒருவர், மடியிலிருந்து அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். ஓரம்கூட உடையவில்லை. நான் இறங்கும்போது கண்டக்டர் சொன்னார்:

"கடலையில கல்லு கெடந்தா சண்டைக்கு வருவாக, பெரியவரே, கல்லக் காணோம்னு வந்த மொத ஆளு நீங்கதான்."

ஒன்பதிலிருந்து ஐந்து

ராத்திரியே இரண்டு கோரையும் மாட்டி, விடிந்ததும் இன்வெர்ட்டரைக் கதீஜா வீட்டுக்கு எடுத்துப் போனேன். சனிக்கிழமை ஒன்பதுக்குக் கரண்டு போனது. இன்வெர்ட்டர் சின்னதாக விசில் அடித்துக்கொண்டு எடுத்துக்கொண்டது. கதீஜா முக்காலி போட்டார். நான் உட்கார்ந்து, இன்வெர்ட்டர் மேல் வலது உள்ளங்கையை வைத்தேன். பத்து மணிக்கு வெதுவெதுப்பு. பதினொன்றுக்குச் சூடு. முன்பென்றால் இதற்குள் கருகல் வாடை வந்திருக்கும். பன்னிரண்டு மணிக்கும் அதே சூடு, ஒரு மணிக்கும் அதே சூடு. ஏறவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டார், இடது கையால் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மூன்று மணிக்கு உள்ளே 'டிக்' என்று சத்தம். கோர்தான் வெடித்தது என்று எனக்கு உயிரே போய்விட்டது. கதீஜா கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். ஒரு முட்டையில் விரிசல், அதில் ஊசி முனை அளவு மூக்கு. ஒரு நாள் முந்திக்கொண்டுவிட்டது. அப்புறம் அங்கிட்டு ஒரு டிக், இங்கிட்டு ஒரு டிக். ஐந்து மணிக்குள் கட்டைவிரல் அளவுக் குஞ்சுகள் முப்பது நாற்பது, ஈரத்தோடு ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. இருவரும் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தோம், எதற்கென்று தெரியாமல். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதீஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கரண்டு வந்து பத்து நிமிசமாச்சுண்ணே, இனியாச்சும் கைய எடுங்க."

சுடாத கோரையும் வேலைக்குப் போகாத மாப்பிள்ளையையும் பார்த்த மாத்திரத்தில் நல்லது என்று சொல்லி அனுப்பினால், பிறகு பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.