வாசல் வெளிச்சத்தில் ஒரு சேலை

வெள்ளவத்தையில் சிறிய சேலைக்கடை வைத்திருக்கிறேன். சென்ற வருடம் இணையக் கடையும் திறந்தேன். தளத்தை வடிவமைத்தவர் ஸ்டூடியோ விளக்கில் எடுத்த படங்களைப் பளபளவென்று போட்டார். பலர் பார்த்தார்கள், ஒருவரும் வாங்கவில்லை. மூடிவிடலாம் என்றிருந்தபோது கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண் அழைத்தார்.

"அக்கா, கடையில எண்டா சீலைய வாசலுக்குக் கொண்டுபோய் வெயில்ல நிறம் பார்ப்பம். இதில எப்பிடிப் பார்க்கிறது?"

அன்றே சேலைகளை வாசலில் பிடித்துக் கைபேசியில் படமெடுத்தேன்.

"பின்னால பஸ் எல்லாம் தெரியுது, வடிவில்லை அக்கா," என்று வடிவமைப்பாளர் மறுத்தார்.

"தெரியட்டும். சீலை கட்டப்போறது நீங்களில்லை, போடுங்கோ!" என்றேன்.

முதல் ஓடர் அந்தப் பெண்ணுடையதுதான். இப்போது மழை நாளில் என் தளத்தில் புதுச்சேலை ஏறாது. அவசரப்படுத்துபவர்களுக்கு ஒரே பதில்: "வெயில் வரட்டும், காட்டுறன்."